லியாண்டருக்கு 44 வருடம் முன்னால் ஒருவர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

1996 ஆகஸ்ட் மாதம். வில்லியனூர் கொம்யூனில் ஒரு அரசு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அட்லாண்டா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸ் டென்னிசில் வெண்கலம் வென்ற செய்தி வந்தது. காலை இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது என் வழக்கம். அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிப்போய், "ஒலிம்பிக்கில் தனி ஆளாகப் பதக்கம் வென்ற முதல் இந்தியர் லியாண்டர் பயஸ்" என்று முழங்கிவிட்டேன். பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் பக்கத்தில் இவர்களைச் 'சொல்தா' என்போம். அவர் பேரன் என் வகுப்பில் படித்தான்.

"வாத்தியாரே, பையன் வந்து சொன்னான். நீங்க சொன்னது தப்பு. இதுக்கு முன்னாடியே ஒருத்தன் வாங்கியிருக்கான். மராட்டியக்காரன். குஸ்தி."

எனக்குச் சுருக்கென்றது. "எப்பங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அம்பத்திரண்டுல. நான் அப்ப சைகோன்ல இருந்தேன். பேப்பர்ல சின்னதா போட்டிருந்தான். காகிதத்துல நாங்க பிரெஞ்சுக்காரன். ஆனா பாண்டிச்சேரி ஆளுங்க நாலு பேரு அந்த ராத்திரி சேர்ந்து உக்காந்து அதைப் பத்தியே பேசினோம். பேருதான் மறந்துபோச்சு."

அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது பாருங்கள். 1952-இல் நாம் இந்தியாவில் இல்லை. பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. நம் வில்லியனூர் கொம்யூனிலேயே இருக்கும் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தது 1954 அக்டோபர் 18-ஆம் தேதி. நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஆக, அந்த மராட்டியர் மேடையில் ஏறியபோது அவர் நம் நாட்டுக்காரர் என்று சட்டப்படி நாம் சொல்லிக்கொள்ள முடியாது. இருந்தாலும் சைகோனில் நாலு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போய் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பழைய இயர்புக்குகளைப் புரட்டினேன். ஒரு மூலையில் அந்தப் பெயர் இருந்தது. கே.டி.ஜாதவ், மல்யுத்தம், ஹெல்சிங்கி 1952, வெண்கலம். அவ்வளவுதான், ஒரே வரி. திங்கட்கிழமை கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றி எங்கே எது கண்ணில் பட்டாலும் படித்து வருகிறேன். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காஷாபா தாதாசாகேப் ஜாதவ் 1926 ஜனவரி 15-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், கராடுக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசி. அப்பா தாதாசாகேப் பெயர்பெற்ற பயில்வான். ஐந்து வயதிலேயே பிள்ளையைக் கோதாவில் இறக்கிவிட்டார். எட்டு வயதில் அந்தப் பக்கத்தில் பேர்போன ஒருவனை இரண்டே நிமிடத்தில் சாய்த்தான் என்று ஊரில் சொல்வார்களாம்.

கோதா என்ற சொல்லை நாம் பேச்சில் எத்தனை முறை சொல்கிறோம்! தேர்தல் வந்தால் வேட்பாளர் 'கோதாவில் குதித்தார்' என்று பத்திரிகை எழுதும். நிஜக் கோதாவை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணைச் சலித்து, எண்ணெய், மோர், மஞ்சள் எல்லாம் கலந்து, கொத்திக் கொத்திப் பதப்படுத்திய குழி அது. அதில் விழுந்தால் எலும்பு முறியாது, காயம் பட்டாலும் சீழ் வைக்காது என்பார்கள். எதிராளியின் முதுகை மண்ணில் பதிய வைத்தால் வெற்றி. புள்ளிக் கணக்கு ஒன்றும் கிடையாது.

நமக்கும் இது புதிது இல்லை. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடியிருக்கிறார். மாமல்லபுரத்தின் பெயரே மாமல்லன் என்று பட்டம் பெற்ற நரசிம்மவர்ம பல்லவனை வைத்து வந்ததுதான். மன்னனே 'நான் பெரிய மல்லன்' என்று பெருமைப்பட்டுக்கொண்ட மண் இது. இன்று நம் கிராமங்களில் சடுகுடு இருக்கிறது, சிலம்பம் இருக்கிறது. மற்போர் மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. அது வேறு பதிவு.

கராடில் திலகர் பெயரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வந்தபோது இவர் பதினாறு வயதுப் பையன். தலைமறைவாக இருந்த போராட்டக்காரர்களுக்கு ஒளிய இடம் கொடுப்பது போன்ற உதவிகளைச் செய்திருக்கிறார்.

பிறகு கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி. கோலாப்பூர் என்றாலே மல்யுத்தம்தான். ஷாஹு மகாராஜா காலத்தில் இருந்தே பயில்வான்களை ஆதரித்த ஊர். அங்கே கல்லூரி விளையாட்டு விழாவில் மல்யுத்தத்துக்குப் பெயர் கொடுக்கப் போனார் ஜாதவ். உயரம் சுமார் ஐந்தரை அடி, ஒல்லி. உடற்பயிற்சி ஆசிரியர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முடியாது என்றுவிட்டார். பையன் விடவில்லை. நேரே முதல்வர் கர்டேகரிடம் போனார். அவர் "சரி, இறங்கட்டும்" என்றார். இறங்கினார். தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2000-க்குப் பிறகு சில வருடம் பாகூர் கொம்யூனில் வேலை. தொடக்கப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. கபடி அணிக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லாதவன், மூன்று நாள் என் பின்னாலேயே வந்தான். "சார், என் பேரையும் எழுதுங்க சார்." நான் அவனை ஒரு தடவைகூட ஆட விட்டுப் பார்க்கவில்லை. "நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றேன். அடுத்த வருஷம் அவன் ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கர்டேகர் கதையை எனக்கு அப்போதே தெரியும் என்பதுதான் இதில் கொடுமை. வகுப்பில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

சரி, ஜாதவிடம் வருவோம். அவருக்குக் கைவந்த பிடி ஒன்று உண்டு, 'டாக்' என்பார்கள். எதிராளியின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து, தன் உடம்பைத் திருப்பி, அந்த வேகத்திலேயே அவனைத் தரையில் அடிப்பது. உடம்பு பலத்தைவிட நேரம் பார்த்துச் செய்யும் வேலை. குள்ளமாக இருப்பது இதற்கு வசதிதான்.

1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குப் போனார். செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். 52 கிலோ எடைப் பிரிவு. அங்கே போனால் மண் இல்லை, மெத்தை விரிப்பு. அதுவரை அவர் கால் பதிந்ததெல்லாம் மண்ணில். மண்ணில் பிடி கொடுக்கும் கால் விரல்கள் விரிப்பில் என்ன செய்யும்? சட்டதிட்டமும் வேறு. முதுகு பதிய வேண்டியதில்லை, நடுவர் தீர்ப்பிலேயே ஜெயிக்கலாம், தோற்கலாம். ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்தார். அதை வைத்துக்கொண்டே ஆஸ்திரேலியரையும் அமெரிக்கரையும் வென்று, ஈரானியரிடம் தோற்று, ஆறாவது இடத்தில் முடித்தார். அந்த எடையில் அதுவரை எந்த இந்தியரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அவருக்குத் திருப்தி இல்லை. ஊருக்குத் திரும்பி நாலு வருடம் ஆயிரக்கணக்கில் தண்டால், பஸ்கி என்று உடம்பை உடைத்து வாங்கினார். 57 கிலோ பிரிவுக்கு மாறினார்.

அடுத்து வருவது நம் பக்கத்துச் சமாச்சாரம். ஹெல்சிங்கிக்கு ஆள் தேர்வு செய்யும் காலத்தில் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. அப்போது மதராஸ். அதில் ஒரே ஒரு புள்ளி குறைவாகக் கொடுத்து, வேண்டுமென்றே தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. யார் பக்கம் நியாயம் என்று எழுபது வருடம் கழித்து நான் தீர்ப்பு எழுத முடியாது. அவர் சும்மா இருக்கவில்லை, பட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். அவர் தலையிட்டு மறுபடி ஒரு தேர்வுப் போட்டி வைத்தார்கள். அதே எதிராளியைச் சாய்த்துவிட்டு அணியில் இடம் பிடித்தார். அந்த ஒரு புள்ளியோடு அவர் ஊருக்குப் போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

இடம் கிடைத்தது. காசு? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. நாட்டுக்காக ஆடப் போகிறவன் தன் செலவுக்கு ஊர் ஊராகத் துண்டேந்த வேண்டியிருந்தது. கராடு கடைக்காரர்களும் கிராமத்து ஜனங்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். போதவில்லை. கடைசியில் அந்த முதல்வர் கர்டேகர், தன் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். 1952-இல் 7000 ரூபாய்! நான் 1980களில் வேலையில் சேர்ந்தபோது மாதச் சம்பளம் நாலு இலக்கத்தைத் தொடவில்லை. அதற்கும் முப்பது வருடம் முன்னால் இது.

நான் அமெச்சூர் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் விளக்குவேன். எங்கள் சிறுவயதில் பெரியவர்கள் குஸ்தி என்றால் கிங்காங், தாராசிங் என்றுதான் பேசுவார்கள். டிக்கெட் போட்டு, கூட்டம் கூட்டி, காசு பார்த்த விளையாட்டு அது. அதுவும் ஒரு திறமைதான், குறை சொல்லவில்லை. ஜாதவ் ஆடியதோ ஜெயித்தால் ஒரு பைசா வராத, போய் வருவதற்கே கடன் வாங்க வேண்டிய குஸ்தி. கிங்காங் பெயர் டீக்கடை வரை வந்தது. ஜாதவ் பெயர் எனக்கே 36 வயது வரை வரவில்லை.

1952 ஜூலை, ஹெல்சிங்கி. கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வரிசையாக வென்றார். அந்தக் காலத்து மல்யுத்தத்தில் ஒரு தடவை தோற்றதும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தோல்விக்கும், முதுகு பதியாத வெற்றிக்கும் தண்டப் புள்ளி ஏறும். அளவு மீறியவர் வெளியேறுவார். மீந்து நிற்பவர்கள் தங்களுக்குள் மோதி இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். 57 கிலோவில் கடைசியாக மீந்தவர்கள் மூன்று பேர். ஜப்பானின் ஷோஹாச்சி இஷீ, சோவியத் ஒன்றியத்தின் ரஷீத் மமத்பேயோவ், நம்முடைய ஜாதவ்.

இஷீயைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் இல்லை. அவரும் 1926-இல் பிறந்தவர். உண்மையில் ஜூடோ வீரர். போரில் தோற்ற ஜப்பானில் அமெரிக்க நிர்வாகம் ஜூடோவைத் தடை செய்ததால் மல்யுத்தத்துக்கு வந்தவர். 1948 ஒலிம்பிக்கிற்கு ஜப்பானைக் கூப்பிடவே இல்லை. ஹெல்சிங்கியில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இவருடையது, போருக்குப் பிறகு அந்த நாட்டின் முதல் தங்கம். ஜாதவ் மோதியது சாதாரண ஆளோடு இல்லை.

இஷீயுடன் நெடுநேரம் கடுமையாகப் போராடி, நூலிழையில் தோற்றார் ஜாதவ். மூச்சு வாங்கக்கூட நேரம் தராமல் உடனே சோவியத் வீரரோடு மோதச் சொன்னார்கள் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் வருத்தம். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று விதி. அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவர்கூட அங்கே இல்லை. ஜாதவ் களைத்த உடம்போடு இறங்கினார், தோற்றார். தங்கம் இஷீ, வெள்ளி மமத்பேயோவ், வெண்கலம் ஜாதவ்.

யோசித்துப் பாருங்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பிய ஒரு முதல்வர் கோலாப்பூரில் இருக்கிறார். "இந்தப் பையனுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல ஹெல்சிங்கியில் ஆள் இல்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

அதே அணியில் போன இன்னொரு மராட்டியர் கேஷவ் மாங்காவே. வேறு எடைப் பிரிவு, நாலாவது இடம். அவரை யார் நினைக்கிறார்கள்? ஜாதவையே மறந்த நாட்டில் மாங்காவேவுக்கு எங்கே போவது.

அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. நாட்டின் கைதட்டல் அங்கே போனது. ஆனால் கராடு ஜனங்களுக்கு யார் பெரியவர் என்று தெரிந்திருந்தது. ஜாதவ் வந்து இறங்கியபோது நூறுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் வரவேற்கக் காத்திருந்தன. வழக்கமாகக் கால் மணி நேரத்தில் போகிற தூரம், மகாதேவர் கோவிலுக்குப் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆனதாம். நம் வில்லியனூர்த் தேர் நாலு மாடவீதி சுற்றும் நாளில் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இந்த ஏழு மணி நேரம் என்றால் என்னவென்று புரியும்.

ஊர்வலம் முடிந்து அவர் செய்த காரியம்தான் எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிது. குஸ்திப் போட்டிகள் நடத்தி, அதில் வந்த வசூலைக் கொண்டு கர்டேகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். அமெச்சூர் சம்பாதித்த முதல் காசு, வாத்தியார் வீட்டுப் பத்திரத்துக்குப் போனது.

மிச்சத்தைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, அதுவே துக்கம். 1955-இல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குத் தயாரானபோது முழங்காலில் அடி, போக முடியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சேவை. பதவி உயர்வு நெடுங்காலம் எட்டிப்பார்க்கவில்லை, ஓய்வு பெறும் தறுவாயில்தான் உதவி ஆணையர் ஆனார். பென்ஷனுக்கு அலைந்தார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஜோதி ஏந்தி ஓடும் கௌரவம் கொடுத்தார்கள். 1984 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சாலை விபத்தில் இறந்துபோனார். மறுநாள் சுதந்திர தினம்.

இறந்த பிறகு மாநில விருது வந்தது, அர்ஜுனா விருது வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். பத்ம விருது மட்டும் இன்றுவரை இல்லை. 2017-இல், ஊரில் கட்டித் தருவதாகச் சொன்ன மல்யுத்தப் பயிற்சி மையம் வராததால் பதக்கத்தையே ஏலம் விடப்போவதாகக் குடும்பத்தினர் சொன்ன செய்தி பத்திரிகைகளில் வந்தது. கோலேஷ்வரில் அவர் வீட்டுக்கு 'ஒலிம்பிக் நிவாஸ்' என்று பெயர். இந்தியாவுக்கு மல்யுத்தத்தில் அடுத்த பதக்கம் 2008-இல், சுஷில் குமார் வழியாக. 56 வருடம்.

(1900 பாரிசில் நார்மன் பிரிட்சார்ட் இரண்டு வெள்ளி வாங்கினாரே என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். அவர் வெள்ளைக்காரர், கல்கத்தாவில் பிறந்தவர். இந்தியா கணக்கா பிரிட்டன் கணக்கா என்று இன்னும் சண்டை நடக்கிறது. சுதந்திர இந்தியா என்று வைத்துக்கொண்டால் ஜாதவ்தான் முதல். அதில் சந்தேகமே இல்லை.)

அந்தச் சொல்தா பெரியவரிடம் நூலகத்தில் பார்த்த பெயரைப் போய்ச் சொன்னேன். "ஜாதவ்... ஆங், அதான், அதான்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்கு ஒரு டீ சொன்னார். இப்போது அவர் இல்லை.

பாகூர்ப் பையனைப் போன வருடம் பார்த்தேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தி, "சார், என்னைத் தெரியுதா?" என்றான். எனக்குத் தெரிந்தது. வீடு, பிள்ளைகள் எல்லாம் விசாரித்த பிறகு, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "அன்னிக்கு ஏன் சார் என் பேரை எழுதல?"

நீ சின்னதா இருந்தடா என்று சொல்ல வாய் வரவில்லை. "தப்புதாம்பா" என்றேன்.

"பரவால்ல சார், விடுங்க" என்றான். பைக்கின் முன்னால் அவன் மகன் உட்கார்ந்திருந்தான். ஏழு எட்டு வயது இருக்கும். அப்பாவைப் போலவே குட்டை. இவன் என்ன விளையாடுவான் என்று கேட்டேன். ஓடுவான் சார், நிற்கவே மாட்டான் என்றான்.